மறுபடியும் போன தூது

1

பெரியபுராணம் அறுபத்துமூன்று அடியார்களின் வரலாறு என்றாலும் முதலிலிருந்து கடைசிவரை அதை ஒரே நூலாகக் கோத்துச் செல்வது சுந்தரரின் வாழ்க்கைதான். குன்றத்தூரில் பிறந்து, அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்து, உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம் பெற்ற சேக்கிழார் மனிதர்களை அருகில் நின்று பார்த்தவர். இறைவனுக்கே தோழரான ஒருவர் தான் செய்த சத்தியத்தை மீறிய கதையை அவர் மூடிமறைக்கவில்லை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வைத்து, நின்று நிதானமாகச் சொல்கிறார்.

திருவொற்றியூரில் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரிடம் சுந்தரர் மனம் பறிகொடுக்கிறார். அவருக்கு ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் இருப்பது சங்கிலியாருக்குத் தெரியும். அதனால், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துதர வேண்டும் என்றாகிறது. சுந்தரர் ஒரு வழி தேடுகிறார். தான் சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் அங்கிருந்து விலகி மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். இறைவன் இசைகிறார், ஆனால் மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சங்கிலியாருக்கும் சொல்லிவிடுகிறார். சத்தியம் அங்கேயே நடக்கிறது. பிறகு வசந்தம் வருகிறது, ஆரூரின் திருவிழா நினைவுக்கு வருகிறது, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். அந்த இடத்திலேயே இரண்டு கண்களும் பார்வை இழக்கின்றன.

அதற்கு அப்புறம் நடப்பதில்தான் என் மனம் நிற்கிறது. வழி தெரியாமல் திருவெண்பாக்கம் வந்து சுந்தரர் முறையிடுகிறார். பார்வை கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் இடக்கண் திரும்புகிறது. திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வலக்கண். வழியெல்லாம் அவர் அழுகிறார், ஏசுகிறார், உரிமையோடு சண்டை போடுகிறார். இறைவன் தண்டனையை ஒரேயடியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஆளை விட்டுவிடவும் இல்லை.

சுந்தரருக்கு இன்றைய மருத்துவத்தின் நோய்ப்பெயர் எதையும் ஒட்டுவது என் எண்ணமில்லை. அது அந்த நூலுக்கும் அவமரியாதை, நோயாளிகளுக்கும் அவமரியாதை. என்னைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கதை எழுப்பும் கேள்வி: நம்பிக்கை உடைந்த பிறகு வலிமையுள்ள தரப்பு என்ன செய்ய வேண்டும்? ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கான உளசிகிச்சை இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது என்பதை, தாம்பரத்துக்கும் குன்றத்தூருக்கும் நடுவே ஆலோசனை அறையில் உட்காரும் நான் மேலும் மேலும் உணர்கிறேன். நம்பிக்கையைக் கையோடு கொண்டுவர வேண்டியவர் நோயாளி என்றே பொதுவாக எண்ணுகிறோம். உடைந்த மறுவாரம் சிகிச்சையாளர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அது முளைக்கிறது.

2

ஆளுமைக் கோளாறு என்ற தலைப்பின் கீழ் பல நிலைகள் உண்டு. நான் இங்கே அதிகம் நினைப்பது, நம் மருத்துவமனைகளில் ‘பார்டர்லைன்’ என்றே வழங்கும் நிலையை. வழக்கமான உளப்பகுப்பாய்வுக்குப் பிடிகொடுக்காத ஒரு நோயாளிக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, அடால்ஃப் ஸ்டெர்ன் 1938இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1980இல் அமெரிக்க மனநலக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அது முறைப்படி இடம்பெற்றது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப்பட்டியல், பழைய தனித்தனிப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு, கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று பார்க்கச் சொல்கிறது. பார்டர்லைன் சாயலைக் குறிப்பதற்கு மட்டும் ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறது.

பெயர்கள் மாறினாலும் துன்பம் அதேதான். விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற ஓயாத பயம். போன வாரம் உயிராக இருந்தவர் இந்த வாரம் விரோதியாகிவிடுவது. தான் யார் என்றே பிடிபடாத வெறுமை. கிளம்பினால் அடங்காத கோபம். அந்தக் கோபம் தணிந்ததும் தன்மேலேயே திரும்பும் வெறுப்பு. அந்த வெறுப்பில் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நடத்தை. உள்ளே இருப்பவருக்கு, தோல் உரிந்த உடம்போடு கூட்டத்தில் நடக்கும் வலி.

எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்கு வழங்கும் பெயர்கள் வேறு. பெண்ணாக இருந்தால் ‘சீன் போடுறா’, ‘திமிரு’, ‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்’. ஆணாக இருந்தால் குடி, அடிதடி, காவல் நிலையம் என்று கதை வேறு பக்கம் போய்விடுகிறது. மனநலம் என்ற யோசனையே யாருக்கும் வருவதில்லை. நள்ளிரவில் கையை அறுத்துக்கொண்டு வந்தால் மருத்துவமனையில் எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு போடுவார்கள். கட்டுப் போடும் நேரத்திலும் வீட்டாரின் கவலை ‘போலீஸ் கேஸ் ஆயிடுமா’ என்பதுதான். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கியிருந்த பழைய பிரிவே இல்லை. வீடுகளில் அந்தப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

வீட்டையும் காவல் நிலையத்தையும் மட்டும் குறை சொல்லிவிட முடியாது. 1988இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரண்டு பிரிட்டிஷ் மனநல மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே நோயாளியின் விவரத்தை மனநல மருத்துவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். சிலருக்குக் கொடுத்த விவரத்தில், இவருக்கு முன்பு ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டது என்ற தகவல் மட்டும் கூடுதலாக இருந்தது. அதை வாசித்தவர்கள் அந்த நோயாளியைத் தொல்லை தருபவர், தன் செயலுக்குத் தானே பொறுப்பானவர், மருத்துவரின் நேரத்துக்கு அவ்வளவாகத் தகுதியில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். ‘மனநல மருத்துவர்கள் விரும்பாத நோயாளிகள்’ என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள வருணனை. இது முப்பத்தைந்து ஆண்டுக்கும் முந்தைய அயல்நாட்டு விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘மறுபடியும் வந்துட்டாங்களா’ என்ற பேச்சு நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் கேட்பதுதான். அந்தப் பேச்சு, வந்து நிற்பவரின் காதிலும் விழுகிறது.

3

‘மேடம், நீங்க இங்க எத்தன வருஷம் இருப்பீங்க?’ முதல் சந்திப்பிலேயே இப்படிக் கேட்பவர்கள் உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்பதுபோல் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை வரலாறே இருக்கிறது.

இந்த நிலையில் வருபவர்களில் மிகப் பலர் சிறுவயதில் அடி, வசை, புறக்கணிப்பு, பாலியல் அத்துமீறல் ஆகியவற்றில் ஒன்றையாவது அனுபவித்தவர்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. பிறவியிலேயே உணர்ச்சிகள் தீவிரமாக அமைந்தவர்களும் உண்டு. இரண்டும் சேரும்போது பாதிப்பு பெரிதாகிறது. சட்டென்று பற்றிக்கொள்ளும் மனம் கொண்ட குழந்தையிடம், ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், அது தன் வலியையே நம்பாமல் வளர்கிறது. தன்னையே நம்ப முடியாதவர் அடுத்தவரை எங்கிருந்து நம்புவார்?

லண்டனில் பணியாற்றும் உளவியலாளர் பீட்டர் ஃபோனகி இதை அறிவோடு தொடர்புபடுத்திப் பார்க்கிறார். குழந்தை தன்னைச் சுற்றியுள்ள பெரியவர்களிடமிருந்தே உலகத்தைக் கற்கிறது. இவர் என்னைக் கவனித்துப் பேசுகிறார், இவர் சொல்வது எனக்குப் பொருந்தும் என்று உணர்ந்தால்தான் அது காதைத் திறக்கிறது. சோறு போட்ட கையே அடித்த வீட்டில் அந்தக் காது மூடிக்கொள்கிறது. அப்படி மூடிக்கொண்டது அன்றைக்குச் சரியான முடிவு. அதனால்தான் அந்தக் குழந்தை தப்பிப் பிழைத்தது. ஆகவே வளர்ந்து வந்து நம் முன்னால் உட்காரும்போது அவர் காட்டும் அவநம்பிக்கையைக் குறையாகக் கணக்கிடக் கூடாது. அது அவர் பட்டுச் சேர்த்த அறிவு. சிகிச்சையாளர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் அந்தக் காது திறக்காதவரை எதுவும் உள்ளே போகாது.

குன்றத்தூர் மலைமேல் இருக்கும் முருகன் சன்னதியில் ஒரு விசேஷம் சொல்வார்கள். ஒரு பக்கம் நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி மட்டும் தெரிவார். மறுபக்கம் நின்றால் தெய்வானை மட்டும். மூவரும் அசையாமல் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். இந்த நோயாளிகளின் உறவுகளும் இப்படித்தான். ஒரு நாள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிரே இருப்பவர் முழுக்க அன்பு. அவர் ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கத் தவறியதும் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் முழுக்கத் துரோகம். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் இடம் அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. முதல் மாதம் ‘உங்கள மாதிரி என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க யாருமே இல்ல’ என்பதைக் கேட்டு மகிழ்ந்துபோகும் சிகிச்சையாளர், மூன்றாம் மாதம் ‘நீங்களும் எல்லாரையும் மாதிரிதான்’ என்பதைக் கேட்டு நொறுங்கிப்போகிறார். மகிழாமலும் நொறுங்காமலும் ஒரே இடத்தில் இருப்பவரைச் சுற்றித்தான் நோயாளி மெல்ல நகர்ந்து, இரண்டு முகமும் ஒரே ஆளுடையவை என்று காணும் இடத்துக்கு வந்து சேர முடியும்.

4

அப்படி ஒரே இடத்தில் இருப்பதை நல்ல மனத்தின் பொறுப்பில் மட்டும் விட முடியாது என்று கண்டு, அதை ஒரு முறையாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் மார்ஷா லினஹான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய சிகிச்சை டி.பி.டி. என்று உலகமெங்கும் அறியப்படுகிறது. 1991இல் வெளியான அவருடைய முதல் பெரிய ஆய்வில், திரும்பத் திரும்பத் தங்களைக் காயப்படுத்திக்கொண்ட பெண்களிடம் அந்தச் செயல் குறைந்தது. என் பார்வையில் அதைவிடப் பெரிய சேதி, வழக்கமான சிகிச்சைக்குப் போனவர்களைவிட அதிகம் பேர் பாதியில் விட்டுவிடாமல் ஓராண்டு தங்கினார்கள் என்பது. யாரிடமும் தங்க மாட்டார்கள் என்று பெயரெடுத்தவர்கள் அவர்கள்.

அந்தச் சிகிச்சை ஓர் உடன்படிக்கையோடு தொடங்குகிறது. இரண்டு தரப்பும் வாக்குக் கொடுக்கின்றன. வாரம் ஒரு தனிச் சந்திப்பு, உணர்ச்சியைக் கையாளும் பயிற்சிக்கான குழுக் கூட்டம், நெருக்கடியில் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி. அந்த அழைப்புக்கு ஒரு விதி உண்டு. காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும்போது, அதைச் செய்வதற்கு முன் அழைக்கலாம், அழைக்கத்தான் வேண்டும். செய்துவிட்டால் அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சு கிடையாது. உயிருக்கு ஆபத்து இல்லை என்பதை உறுதிசெய்துகொள்வார்கள், குறித்த நாளில் நடக்க வேண்டிய சந்திப்பு அப்படியே நடக்கும். இன்னொரு விதி, தொடர்ந்து நான்கு வாரம் வராதிருந்தால் அந்த உடன்படிக்கை முடிகிறது. அதன் காலம் கழிந்த பிறகு மறுபடி பேசிச் சேரலாம்.

முதன்முறை வாசிப்பவருக்கு இது ஈரமில்லாத கணக்காகத் தோன்றும். எனக்கு இதில் வெண்பாக்கத்து ஊன்றுகோல் தெரிகிறது. செய்ததற்கு ஒரு விளைவு உண்டு. அந்த விளைவு முன்பே சொல்லப்பட்டது. கோபத்தில் கூடுவதுமில்லை, இரக்கத்தில் குறைவதுமில்லை. அதே சமயம் போய்ச்சேர ஒரு துணையும் கையில் இருக்கிறது. இந்த நோயாளிகள் வளர்ந்த வீடுகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்திருக்கும். ஒரே தவறுக்கு ஒரு நாள் அடி, ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் மாதக்கணக்கில் பேச்சில்லாத மௌனம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதே அவர்களுக்குப் புது அனுபவம். நம்பிக்கையின் முதல் வடிவம் அன்பு என்று சொல்லத் தோன்றும். இங்கே அது பெரும்பாலும் கிழமையும் நேரமுமாகத்தான் வருகிறது.

2011 ஜூனில் லினஹான் ஓர் உண்மையை வெளியில் சொன்னார். பதினேழு வயதில், 1961இல், ஹார்ட்ஃபோர்டில் உள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுக்கும் மேல் அங்கே இருந்தவர் அவர். அதிகமும் தனியறையில் பூட்டப்பட்டு, தன்னைத்தானே கடுமையாகக் காயப்படுத்திக்கொண்ட இளம்பெண். தன் சிகிச்சை முறை நிலைபெறும்வரை அவர் இதைப் பொதுவெளியில் பேசவில்லை. அந்த விதிகளை எழுதிய கைக்கு, தாங்கலாக ஒன்றும் இல்லாமல் சுவரைத் தடவிய நினைவு இருந்திருக்கிறது.

ஃபோனகியும் ஆந்தனி பேட்மனும் லண்டனில் வேறு வழியாகப் போனார்கள். அவர்களுடைய சிகிச்சையில் சிகிச்சையாளர் ‘எனக்குத் தெரியும்’ என்ற இடத்திலிருந்து இறங்கிவிடுகிறார். ‘நீங்க என்ன வெறுக்கிறீங்க’ என்று நோயாளி சொன்னால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வதில்லை. உங்கள் குழந்தைப் பருவத்தால் அப்படித் தோன்றுகிறது என்று விளக்கம் சொல்வதுமில்லை. ‘நான் என்ன செஞ்சப்போ அப்படித் தோணுச்சு? கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கலாமா?’ என்று கேட்கிறார். தன் முகத்தில் சலிப்பு வந்திருந்தால் வந்தது என்று ஒப்புக்கொள்கிறார். 41 பேரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பின்னாளில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 23 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதம். எண்ணிக்கை சிறியது. ஆனால் அந்த வித்தியாசத்துக்குள் இருப்பவை உயிர்கள்.

சிகிச்சையாளரின் மனத்துக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். 1949இல் டொனால்ட் வினிகாட் எழுதிய கட்டுரை ஒன்று, நோயாளிமேல் வரும் வெறுப்பைச் சிகிச்சையாளர் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னது. மறைத்த வெறுப்பு வேறு வழியில் வெளியே வரும்: ஐந்து நிமிடம் முன்னதாக முடித்துக்கொள்வதாக, அளவுக்கு மீறிய கனிவாக, ‘உங்களுக்கு வேற டாக்டர் பொருத்தமா இருப்பாங்க’ என்ற யோசனையாக. எதிரே இருப்பவர் முகத்தின் சிறு அசைவையும் படித்துப் பழகியவர். அவரிடம் எதுவும் மறையாது. அதனால்தான் லினஹானின் முறையில் சிகிச்சையாளர்களுக்கென்றே வாராந்திரக் கூட்டம் உண்டு. அதை விரும்பினால் போகலாம் என்று விடவில்லை, சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார். தனியாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்பவர் ஒன்று கல்லாகிவிடுவார், அல்லது எரிந்துபோவார்.

ஜெரமி சஃப்ரானும் கிறிஸ்டஃபர் முரானும் நியூயார்க்கில் பல ஆண்டுகள் ஆராய்ந்தது, சிகிச்சை உறவில் விழும் விரிசல்களை. விரிசல் சிகிச்சைக்கு வந்த இடையூறு என்று நினைக்காதீர்கள், அதைச் சரிசெய்வதே சிகிச்சையின் மையமான வேலை என்றார்கள் அவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பரவையாரின் வாசல் நினைவுக்கு வருகிறது. சங்கிலியாரை மணந்த சேதி கேட்டுப் பரவையார் கதவை அடைத்துவிடுகிறார். சுந்தரர் இறைவனையே தூது போகச் சொல்கிறார். நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இறைவன் நடக்கிறார். முதல் முறை கோயில் அர்ச்சகர் வேடத்தில் போகிறார், பரவையார் மறுத்துவிடுகிறார். திரும்பி வருகிறார். அன்றிரவே மறுபடியும் போகிறார், இந்த முறை தன் உருவத்திலேயே. கதவு திறக்கிறது.

வேடத்தோடு போனபோது மறுக்கப்பட்டதும், தானாகவே போனபோது ஏற்கப்பட்டதும் எனக்குப் பெரிய பாடம். பட்டம், கோட்டு, புத்தகத்தில் படித்த வாக்கியங்கள் எல்லாம் முதல் தூது. அது தோற்கும். தோற்றவர் மறுபடி போவதும், மறைவில்லாமல் போவதும்தான் கதவைத் திறக்கின்றன.

அந்தப் புராணத்தின் நாயகரான கலிக்காமர் இந்தத் தூதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போகிறார். ஒரு பெண்ணுக்காக ஆண்டவனை நடக்கவிட்டவனின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறார். அவருக்குச் சூலைநோய் வருகிறது. அதைத் தீர்க்க சுந்தரர் ஒருவரால்தான் முடியும் என்றாகிறது. அவன் கையால் குணமாவதைவிடச் சாவது மேல் என்று உயிரை விட்டுவிடுகிறார். வந்து பார்த்த சுந்தரர் தானும் அதே முடிவுக்குப் போகும் கணத்தில், உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் அவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார். இருவரும் நண்பர்களாகிறார்கள். உதவி செய்ய வருபவனையே வெறுக்கும் அளவுக்குக் காயம் பட்டிருப்பது எப்படி என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் குன்றத்தூர்க்காரர் அறிந்திருந்தார்.

5

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். சியாட்டிலிலும் லண்டனிலும் எழுதப்பட்ட முறைகளில் சிகிச்சையாளர் ஒரு தொழிலாளர். நோயாளி அவரிடம் வருபவர். இங்கே இரண்டாம் வாரத்தில் ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் ‘நீங்க எனக்கு அம்மா மாதிரி’. குலதெய்வம் கோயில் பிரசாதம் வருகிறது. தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறார்கள். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ‘தூங்கிட்டீங்களாக்கா’ என்று ஒரு வரி.

மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நெக்கி, குரு-சிஷ்ய உறவு இந்தியச் சூழலில் உளசிகிச்சைக்கு ஒரு மாதிரியாக அமையலாம் என்று 1973இல் எழுதினார். விலகி நிற்கும் நடுநிலையாளரைவிட, கையைப் பிடித்து வழிகாட்டும் ஒருவரைத்தான் நம் நோயாளிகள் எதிர்பார்க்கிறார்கள் என்ற அவருடைய கவனிப்பு கூர்மையானது. ஆனால் இந்த நோயாளிகளிடம் குருவின் ஆசனம் ஆபத்தானது. அதில் ஏற்றி உட்காரவைத்த அதே கை ஒரு நாள் கீழே தள்ளும். அம்மா என்ற இடமும் அப்படியே. அம்மா ஐம்பது நிமிடம் ஆனதும் எழுந்திருக்கக் கூடாது. அம்மா பணம் வாங்கக் கூடாது. அம்மா விடுப்பில் ஊருக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே ஓர் அம்மாவிடம் ஏமாந்தவருக்கு இன்னோர் அம்மாவைத் தருவதாக மறைமுகமாக வாக்களிப்பதைவிடப் பெரிய துரோகம் கிடையாது.

அதற்காக ‘அக்கான்னு கூப்பிடாதீங்க’ என்று சொல்வதும் சரியாகாது. அது அவர் நீட்டிய கையைத் தட்டிவிடுவது. நான் கண்ட வழி, அந்த அழைப்பை ஏற்பது, அதோடு வரும் கடமைகளை வெளிப்படையாகப் பேசுவது. ‘அக்கான்னே கூப்பிடு. ஆனா நான் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இருக்கிற அக்கா. ராத்திரி மெசேஜ் போட்டா காலையிலதான் பாப்பேன். ராத்திரி ரொம்ப முடியலன்னா 14416 ஹெல்ப்லைனுக்குப் பேசு. யாராவது எடுப்பாங்க, தமிழ்லயே பேசுவாங்க. செவ்வாய்க்கிழமை நான் கண்டிப்பா இருப்பேன்.’ கேட்பவருக்கு முதலில் வலிக்கும். ‘காசுக்காகத்தானே பேசுறீங்க’ என்று வரும். ஆமாம், இந்த ஐம்பது நிமிடத்துக்குக் கட்டணம் உண்டு, உன்மேல் இருக்கும் அக்கறைக்கு இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். நிறைவேற்ற முடிகிற சிறிய வாக்கு, நிறைவேறாத பெரிய வாக்கைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது.

குடும்பம் இன்னொரு பக்கம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலிருந்தே நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்றது. இந்தியா உலகத்துக்குக் காட்டிய நல்ல வழிகளில் அது ஒன்று. ஆனால் காயம் வீட்டிலேயே பட்டிருந்தால்? கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா, சந்திப்பு முடிந்ததும் ‘என்ன சொன்னா?’ என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் அக்கறையும் இருக்கிறது, கட்டணம் கட்டியவரின் உரிமையும் இருக்கிறது. பெண் கவனித்துக்கொண்டே நிற்கிறாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், மற்றதை அவள்தான் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே இருவர் முன்னாலும் சொல்லி வைத்திருந்தால் அந்தக் கணத்தில் நம்பிக்கையில் ஒரு செங்கல் ஏறுகிறது. சொல்லி வைக்காதிருந்தால் ஒரு சுவரே சரிகிறது.

6

இவ்வளவும் ஓர் அறைக்குள் நடப்பவை. அந்த அறையில் அடுத்த மாதமும் அதே ஆள் இருப்பாரா என்பதை முடிவு செய்வது அறைக்கு வெளியே இருக்கும் அமைப்பு.

சென்னையில் மனநலச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1794இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் தொடங்கிய விடுதியின் வழித்தோன்றல்தான் இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1961முதல் 1978வரை அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர்களில் ஒருவர். பணி ஓய்வுக்குப் பிறகு 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். தற்கொலைத் தடுப்புக்காக ‘ஸ்நேகா’ 1986இல் தொடங்கியது. தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக ‘பானியன்’ 1993இல் தொடங்கியது. இவ்வளவு பெருமை உள்ள நகரத்திலும் ஆளுமைக் கோளாறுக்கென்று நீண்டகாலப் பேச்சுச் சிகிச்சை சாதாரண மக்களுக்கு எட்டும் இடத்தில் இல்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வெவ்வேறு மனநலக் கோளாறுகளுக்குச் சிகிச்சை எட்டாதவர்களின் பங்கு 70 முதல் 92 சதவீதம் வரை என்று சொன்னது. எட்டியவர்களுக்கும் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடப் பேச்சும் ஒரு மாத மாத்திரையும். அடுத்த மாதம் போனால் நாற்காலியில் வேறொருவர். மனச்சிதைவுக்கு மாத்திரையைத் தொடர ஆள் மாறினாலும் ஓரளவு ஓடும். இந்த நோயில் மருந்து துணைக்குத்தான் வரும். சிகிச்சையே அந்த ஆள்தான். ஆள் மாறும்போது சிகிச்சை முதலிலிருந்து தொடங்குகிறது. ‘எல்லாரும் போயிடுவாங்க’ என்ற அவருடைய பழைய முடிவுக்கு நாமே முத்திரை குத்திக் கொடுக்கிறோம்.

குன்றத்தூர் போன்ற இடங்களில் இதன் அழுத்தம் இன்னும் கூடுதல். 2021இல் நகராட்சியான ஊர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன் ஆள் ஏற்றிக்கொள்ளும் சாலைகள். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் இருபது வயதுப் பிள்ளைகள். இரவுப்பணி முடிந்து பகலில் தூங்கும் அறையில், உறவு முறிந்த ஒரு நாளை யாரிடமும் சொல்ல முடியாமல் கழிப்பவர்கள். பணி நேரம் வாரத்துக்கு வாரம் மாறும்போது செவ்வாய் நாலு மணி என்ற வாக்கைக் காப்பாற்றுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று குன்றத்தூர்க்காரர் போரூருக்கும், தாம்பரத்துக்காரர் நகரத்துக்குள்ளும் போய் மருத்துவர் பார்க்கிறார்கள். தூரம் கூடக் கூட விடுபடும் வாரங்களும் கூடுகின்றன.

இதே புறநகரில் இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 1928இல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990களில் எச்.ஐ.வி. தொற்றியவர்களைப் பல மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது அவர்களை ஏற்றுக்கொண்டது. அப்போது இன்றுள்ள மருந்துகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ‘தாம்பரம் போனா பாப்பாங்க’ என்பதுதான் முதலில் கிடைத்தது. அந்தச் சொல்லை நம்பி அயல் மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். மருத்துவர்களே விரும்பாத நோயாளிகளை ஏற்பது ஓர் அரசு நிறுவனத்தால் முடியும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டாம்.

7

இவர்கள் குணமாக மாட்டார்கள் என்பது நெடுங்காலம் மருத்துவ உலகின் முடிவாக இருந்தது. அமெரிக்காவில் மக்லீன் மருத்துவமனையில் மேரி சனாரினி 1992இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். பத்தாண்டு முடிவில் 93 சதவீதத்தினரிடம் நோயின் அடையாளங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது அடங்கியிருந்தன. வேலையும் நிலையான உறவும் அமைந்து முழுமையாக மீண்டவர்கள் பாதிப்பேர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். புயல் ஓய்கிறது, ஓய்ந்தபின் வாழ்க்கையைக் கட்டியெழுப்பப் பாதிப்பேருக்குக் கை போதவில்லை. அந்த ஆண்டுகளில் உயிரோடு காப்பாற்றுவதும், கட்டியெழுப்பும்போது கூட நிற்பதும்தான் மருத்துவத்தின் பங்கு.

அதனால் நான் கேட்பது பெரிய கட்டடங்களையோ அயல்நாட்டு இயந்திரங்களையோ அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இயங்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், ஒவ்வொரு தனியார் ஆலோசனை மையமும் எழுதிக் கையெழுத்திடக்கூடிய சில வரிகள். உங்களை ஓராண்டுக்கு ஒரே ஆள் பார்ப்பார். உங்கள் பணி நேரம் மாறினால் சந்திக்கும் நேரத்தையும் முன்கூட்டிப் பேசி மாற்றுவோம். நீங்கள் கோபித்துக்கொண்டு வராமல் போனால் நாங்கள் அழைப்போம். எடுக்காவிட்டால் மறு வாரமும் அழைப்போம். உங்களைக் காயப்படுத்திக்கொண்டால் என்ன செய்வோம் என்பதை இன்றே சொல்கிறோம், அதைத்தான் செய்வோம். உங்களைப் பார்ப்பவர் இடம் மாறினால் இரண்டு மாதம் முன்பே சொல்வார், அடுத்து வருபவரை அவரே உங்களோடு உட்கார்ந்து அறிமுகம் செய்துவைப்பார். இந்த வேலையைச் செய்பவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க வாரம் ஒரு மணி நேரம் கூடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் சம்பள நேரமே.

இவற்றில் எதுவும் மருத்துவ அறிவின் எல்லைக்கு அப்பால் இல்லை. இடமாற்ற உத்தரவு போடுபவரும், பணிப்பட்டியல் தயாரிப்பவரும், நிதி ஒதுக்குபவரும் மனம் வைத்தால் நடக்கும். அவர்கள் மனம் வைக்கும்வரை, சிகிச்சை அறையில் உட்காரும் எங்களைப் போன்றவர்கள் எங்கள் கையில் உள்ள அளவுக்காவது இந்த வரிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். நம்பத் தெரியாதவர் என்று யாரையும் குறித்து அனுப்புவதற்கு முன்னால், நம்பும்படி நாம் என்ன செய்தோம் என்பதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.